பெரியவங்களுக்கும் மறைக்கல்வியா? பங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பங்கு, அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகம், கடற்கரைப் பங்கு. சனிக்கிழமை மாதா நவநாள் முடிந்ததும் ஏழரை மணிக்குப் பெரியவர்கள் கூடி விவிலியமும் மறைக்கல்வியும் (கத்தோலிக்க விசுவாசத்தின் பாடம்) படிக்கிறோம். அதை நடத்துகிற நான்கு பேரில் நானும் ஒருத்தி. கூட்டத்துக்கு வருகிறவர்களைவிட, வராமல் கோவில் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிறவர்கள் அதிகம். மீன் வாங்கும் இடத்திலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், ஒருமுறை ஆஸ்பத்திரி வரிசையிலும் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

“புதுநன்மை எடுத்தாச்சு, உறுதிபூசுதலும் வாங்கியாச்சு. இனி எனக்கு என்ன வகுப்பு?”

புதுநன்மைக்கும் (முதல் நற்கருணை) உறுதிபூசுதலுக்கும் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பன்னிரண்டு வயதில் சொல்லிக்கொடுத்தது பன்னிரண்டு வயதின் கேள்விகளுக்குப் போதும். நாற்பது வயதில் வரும் கேள்விகள் வேறு. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரை எட்டு வருடமாகக் குளிப்பாட்டிச் சோறூட்டும் பெண்ணுக்கு, ‘கடவுள் நல்லவர்’ என்ற வரி ஞாயிறு வகுப்பில் கேட்டதுபோல இப்போது கேட்காது. கூடப்பிறந்தவனே பத்திரத்தில் ஏமாற்றிய பிறகு, ‘எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பதுபோல’ என்று தினமும் சொல்வது லேசான காரியம் இல்லை. இதையெல்லாம் வைத்துப் பேச ஓர் இடம் வேண்டும்.

திருச்சபையும் இதைத்தான் சொல்லியிருக்கிறது. 1979-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மறைக்கல்வி பற்றி எழுதிய ஊக்கவுரையில், பெரியவர்களுக்கான மறைக்கல்விதான் மறைக்கல்வியின் முதன்மையான வடிவம் என்கிறார். நம் பங்குகளில் நடப்பது நேர்மாறு. ஆசிரியர், பாடநூல், ஆண்டுவிழா, பரிசு எல்லாம் சிறுவர்களுக்கு. பெரியவர்களுக்குத் தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள்) மூன்று நாள் தியானம். சிறுவருக்குச் செய்வதைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசாத ஒன்றை, வாரத்தில் ஒரு மணி நேரம் ஓர் அருள்சகோதரி பேசி அந்தப் பிள்ளை மனதில் எவ்வளவு நிற்கும்?

“எங்க அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவங்க. செபமாலை மட்டும்தான். அவங்க விசுவாசத்துக்கு முன்னால நாங்க ஒண்ணுமே இல்ல. படிச்சு என்ன ஆகப்போவுது?”

இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். கேட்டவர் சொல்வது உண்மை. ஆனால் அந்த அம்மா படிக்காமல் இல்லை. செபமாலையின் மறையுண்மைகள் இயேசுவின் வாழ்க்கைதான். ஐம்பது வருடம் தினமும் அதை உருட்டியவர் அதை மனப்பாடமாக வாழ்ந்தவர். இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகம் பார்த்தார். புனித வெள்ளியன்று வியாகுலப் பிரசங்கம் கேட்டு அழுதார். ஊரில் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த உபதேசியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன புனிதர் கதைகளைக் கேட்டார். ஊரே அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. இன்று அந்த உபதேசியார் இல்லை, திண்ணையும் இல்லை. கையில் போன் இருக்கிறது, அதில் எல்லாக் குரலும் கேட்கிறது.

நம் கடற்கரையில் இது பழைய வழக்கம். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்ததும் முதலில் செய்தது, விசுவாச அறிக்கையையும் பரலோக மந்திரத்தையும் கட்டளைகளையும் தமிழில் பெயர்க்க வைத்து, தானே மனப்பாடம் செய்ததுதான். சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி அனுப்பினார். அவருக்குப் பின் இதே கரையில் உழைத்த ஹென்றிக்கஸ் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. அது ஒரு மறைக்கல்வி நூல். அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ கேள்வி பதில் வடிவிலேயே இருந்தது. கேள்வி கேட்டுக் கற்பது நமக்குப் புதிது இல்லை.

“அப்படி என்னதான் நடக்கும் அந்தக் கூட்டத்தில? பரீட்சை வைப்பீங்களா?”

பரீட்சை கிடையாது, வருகைப் பதிவும் கிடையாது. மாதத்தில் இரண்டு வாரம் அடுத்த நாள் ஞாயிறு நற்செய்தியைப் படிக்கிறோம். ஒரு வாரம் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலிலிருந்து ஒரு பகுதி. 1992-ல் வெளியான அந்த நூலில் 2865 பத்திகள் உண்டு. பார்த்ததும் பயம் வரும். ஆனால் பிரிவு நான்கே: நாம் நம்புவது, கொண்டாடுவது, வாழ்வது, செபிப்பது. ஒரு நாளுக்கு ஐந்தாறு பத்திக்கு மேல் நாங்கள் தாண்டுவதில்லை. மீதி ஒரு வாரம் முழுக்கக் கேள்விகளுக்கு. பெயர் போடாமல் துண்டுச்சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார்கள். ‘தற்கொலை செய்தவருக்குப் பூசை வைக்கலாமா’, ‘மருமகள் வேற சபைக்குப் போறா, நான் என்ன செய்ய’ என்று வாயால் கேட்க முடியாதவை எல்லாம் அந்த டப்பாவில்தான் வரும்.

“ஞாயிறு பூசையில சாமி பிரசங்கம் வைக்காங்களே. அது போதாதா?”

மறையுரை வேண்டும், அதற்கு மாற்று எதுவும் கிடையாது. ஆனால் அது பத்துப் பன்னிரண்டு நிமிடம். நடுவில் கையைத் தூக்கி ‘சாமி, எனக்குப் புரியல’ என்று சொல்ல முடியாது.

ஒரு யோசனை சொல்கிறேன். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வருகின்றன: முதலாம் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவான் நற்செய்தி தவக்காலத்திலும் பாஸ்கா (ஈஸ்டர்) காலத்திலும் இடையிடையே வரும். சனிக்கிழமை இரவே அந்தப் பகுதியை வீட்டில் ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டு மறுநாள் கோவிலுக்குப் போய்ப் பாருங்கள். அதே பங்குத்தந்தை, அதே ஒலிபெருக்கி. ஆனால் காது வேறுமாதிரி திறந்திருக்கும்.

“அன்பியத்தில ஏழு படி, ஏழு படின்னு செய்றோம். ஒண்ணும் விளங்கலையே?”

விவிலியத்தைக் குழுவாக வாசிக்கும் ஏழு படி முறை தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்திலிருந்து வந்து, நம் அன்பியங்களில், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்களில், பரவியது. ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனதில் பட்ட சொல்லை மூன்று முறை மெதுவாகச் சொல்லுதல், மௌனம், பகிர்தல், என்ன செய்யப்போகிறோம் என்று பேசுதல், செபம். நம் கூட்டங்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் கெட்டுப்போகின்றன. நான்காம் படியில் யாருக்கும் மௌனம் தாங்காது. அரை நிமிடத்தில் யாராவது பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். ஐந்தாம் படியில் பேசத் தெரிந்த ஒருவர் பிரசங்கம் வைத்துவிடுவார். ஆறாம் படிக்கு வரும்போது டீ வந்துவிடும்.

சரியாக நடந்த ஒரு நாளைச் சொல்கிறேன். மாற்கு நான்காம் அதிகாரம், புயலை இயேசு அடக்கிய பகுதி. ஒரு வீட்டு மொட்டைமாடி, கரண்ட் இல்லை, ஒரு எமர்ஜென்சி விளக்கு. மூன்றாம் படியில் எல்லோரும் ‘இரையாதே, அமைதியாயிரு’ என்ற சொல்லையே எடுத்தார்கள். முப்பது வருடம் கடலுக்குப் போன ஒருவர் மட்டும் ‘தலையணை’ என்றார். சிலர் சிரித்தார்கள். மௌனம் இரண்டு நிமிடம் நீண்டது. பகிர்வில் அவர் சொன்னார்: “பின்பக்கத்தில தலையணை வச்சுத் தூங்குனார்னு போட்டிருக்கு. படகில பின்பக்கம் சுக்கான் பிடிக்கிறவன் இடம். அப்போ ஆண்டவர் தூங்குனது சுக்கான் பிடிச்சவன் காலுகிட்ட. காத்தடிக்கும்போது அவனுக்குத்தான் தெரியும், இவர் இங்கதான் கிடக்கார்னு. என் மவன் போன வருசம் கடலில தவறுனான். அவன் காலுகிட்டயும் அவர் கிடந்திருப்பார்னு நினைச்சுக்கிட்டேன்.” அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. ஆறாம் படியில், அவர் வலை பின்னும் கொட்டகைக்குத் தினமும் ஒருவர் போய்ப் பேசிக்கொண்டிருப்பது என்று முடிவாயிற்று. நான் படித்த எந்த விளக்கவுரையிலும் அந்தத் தலையணையை இப்படிப் பார்த்ததில்லை.

“எனக்கு பைபிள் தெரியாது. வாயைத் திறந்தா தப்பாப் போயிருமோன்னு பயமா இருக்கு.”

மேலே சொன்னவர் எட்டாம் வகுப்புகூட முடிக்கவில்லை. முதல் இரண்டு மாதம் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். ‘இந்தச் சொல் என்னைத் தொட்டது’ என்று ஒரு சொல்லை மட்டும் சொன்னால்கூட அது பகிர்வுதான். அதில் சரி, தப்பு எதுவும் இல்லை.

“எந்த பைபிள் வாங்கணும்? ஆதியாகமத்தில இருந்து தொடங்கினா லேவியராகமத்தில நின்னுபோவுது.”

கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ வாங்குங்கள். திருப்பலியில் (பூசையில்) கேட்கும் மொழியும் ஏறத்தாழ அதுதான். கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள் இருக்கும்: பழைய ஏற்பாட்டில் 46, புதிய ஏற்பாட்டில் 27. பழைய மொழிபெயர்ப்பில் பழகிய பெரியவர்கள் ‘ஆதியாகமம்’ என்பதைத் தொடக்கநூலிலும் ‘லேவியராகமம்’ என்பதை லேவியர் நூலிலும் தேடிக்கொள்ள வேண்டும்.

மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். பதினாறே அதிகாரம், ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரத்தில் வாசித்துவிடலாம், அப்படி ஒருமுறை வாசிக்கவும் வேண்டும். பிறகு லூக்கா, அதன் தொடர்ச்சியாகத் திருத்தூதர் பணிகள். இடையில் தினம் ஒரு திருப்பாடல். லேவியர் நூலில் நின்றுபோவது உங்கள் குற்றம் இல்லை. அதைப் படிக்க ஒரு துணை வேண்டும். எசாயாவைக் கையில் வைத்துக்கொண்டு தேரில் போன எத்தியோப்பிய அரச அலுவலரும், விளக்க ஆளில்லாமல் எப்படிப் புரியும் என்றுதான் பிலிப்பிடம் கேட்டார்.

“வேற சபைக்காரங்க வீட்டுக்கே வந்து கேக்காங்க. மாதாவை ஏன் கும்பிடுதீங்க, சுரூபம் ஏன் வச்சிருக்கீங்கன்னு. பதில் தெரியாம நிக்கேன்.”

முதலில், அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். நம் ஆட்கள் பலர் அங்கே போனது, அங்கே யாரோ அவர்கள் கையில் பைபிளைக் கொடுத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதால்தான். அதை நாம் செய்திருக்க வேண்டும்.

இனி பதில். ஆராதனை கடவுள் ஒருவருக்கே. மாதாவுக்கும் புனிதருக்கும் நாம் கொடுப்பது வணக்கமும், ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்ற விண்ணப்பமும். மாதாவிடம் சொல்லும் அருள்நிறை மந்திரத்தின் பின்பாதியை நிறுத்திச் சொல்லிப் பாருங்கள், அங்கேயே விடை இருக்கிறது. சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, கொடுக்கும் மரியாதை அந்த மரத்துக்கோ சுண்ணாம்புக்கோ இல்லை, அது யாரைக் காட்டுகிறதோ அவருக்கு என்று 787-லேயே நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் சொல்லிவிட்டது. ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. சப்பரம் தூக்க முன்னால் நின்று, நற்கருணை வாங்க வருடத்துக்கு ஒருமுறை போகிற பக்தியைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்டால், அந்தக் கேள்வியில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

‘உங்க பைபிள்ல ஏழு புத்தகம் கூட இருக்கே’ என்பது அடுத்த கேள்வி. தோபித்து, யூதித்து, மக்கபேயர் இரண்டு, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு ஆகியவை அவை. எஸ்தரிலும் தானியேலிலும் சில பகுதிகளும் உண்டு. தொடக்கத் திருச்சபை பயன்படுத்திய கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் இருந்தவை. இறந்தோருக்காக வேண்டுதல் செய்யும் பகுதி 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்தில் வருவதால், கல்லறைத் திருநாள் பற்றிய பேச்சும் இதோடு ஒட்டிக்கொண்டே வரும். இவ்வளவு தெரிந்தால் போதும், வாசலில் நின்று மல்லுக்கட்ட வேண்டாம். நம்பிக்கைக்கு விளக்கம் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்ற பேதுரு, அதைப் பணிவோடு சொல்லுங்கள் என்றும் சேர்த்தே எழுதினார்.

“பொம்பளைங்க மட்டும்தான் வாராங்க. ஆம்பளைங்களை எப்படிக் கூப்பிடுறது?”

நேரத்தை அவர்களைக் கேட்டு வையுங்கள். நாங்கள் முதலில் வெள்ளிக்கிழமை வைத்திருந்தோம். ஆண்கள் கடலில் இருந்தார்கள். எங்கள் ஊரில் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை என்பதால் சனி இரவு எல்லோரும் கரையில் இருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது, அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று இடம். கோவிலுக்குள் வைத்தால் ஆண்கள் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பார்கள். ஏலக்கூடத்துத் திண்ணையில் வைத்தபோது உட்கார்ந்தார்கள். பேசவும் பேசினார்கள். வலைவிலை, கடன், குடி எல்லாம் வந்தது. அதையும் நற்செய்தியோடு வைத்துப் பேச முடிந்தது.

“பிள்ளைக்குத் திருமுழுக்குக் கேட்டா எங்களை வகுப்புக்கு வரச் சொல்லுதாங்க. திருமுழுக்கு பிள்ளைக்கா, எங்களுக்கா?”

பிள்ளையின் சார்பில் ‘விசுவசிக்கிறேன்’ என்று சொல்லப்போவது நீங்களும் ஞானப்பெற்றோரும். எதை விசுவசிக்கிறோம் என்று ஒருமுறை உட்கார்ந்து பேசாமல் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? சொல்லாலும் வாழ்வாலும் பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கும் கடமை மற்ற எவரையும்விட முதலில் பெற்றோருக்கு என்கிறது திருச்சபைச் சட்டம் (774).

பங்கில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருமுழுக்கு, புதுநன்மை, கல்யாண ஓலை (கோவிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு), சாவு: இந்த நான்கு நேரத்தில்தான் பெரியவர்கள் தாங்களாகவே நம் வாசலுக்கு வருகிறார்கள். நாம் படிவத்தை நீட்டி ‘மூணு வகுப்புக் கட்டாயம்’ என்று அபராதம்போல விதிக்கிறோம். மனது திறந்திருக்கும் நேரம் அது. எங்கள் பங்கில் இப்போது திருமுழுக்கு வகுப்பை அந்தப் பிள்ளையின் வீட்டிலேயே, தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நடத்துகிறோம். தாத்தா பாட்டி உட்பட எல்லோரும் இருப்பார்கள். முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின இரவு சாவு வீட்டுக்குப் போய் உயிர்த்தெழுதல் பற்றிய ஒரு பகுதியை வாசித்துவிட்டு வருகிறோம். விளக்கம் சொல்வதில்லை. அவர்கள் கேட்டால் மட்டும் பேசுவோம், பெரும்பாலும் கேட்பார்கள்.

“எங்க வீட்டுக்காரர் இந்து. அவரும் கூட வந்து உட்காரலாமா?”

தாராளமாக வரலாம். உங்கள் திருமணத்துக்கு மறைமாவட்டத்தில் விதிவிலக்கு வாங்கியபோது, விசுவாசத்தில் நிலைத்திருப்பேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க என்னால் முடிந்ததைச் செய்வேன் என்று வாக்குக் கொடுத்தது நீங்கள். அவருக்கு அது தெரிவிக்கப்பட்டிருக்கும். அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அதனால் அவரை மதம் மாற்றும் எண்ணத்தோடு யாரும் பக்கத்தில் உட்காரக் கூடாது. எங்கள் கூட்டத்துக்கு இப்படி வரும் ஒருவர், நாங்கள் பழகிப்போய்த் தாண்டிவிடும் இடங்களில் ‘இது ஏன்’ என்று கேட்பார். பலமுறை அன்றைய நல்ல கேள்வி அவருடையதாகவே இருக்கும்.

“பெரிய வயசில திருமுழுக்கு வாங்கணும்னு ஒருத்தர் வந்திருக்கார். பத்து நாள்ல முடிச்சிரலாமா?”

கூடாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் பழைய திருச்சபையின் படிப்படியான தயாரிப்பை மீட்டெடுத்தது. அதற்கான சடங்குமுறை 1972-ல் வந்தது. முதலில் வரவேற்பு, பிறகு மாதக்கணக்கில் கற்றல், தவக்கால முதல் ஞாயிறன்று தேர்ந்துகொள்ளுதல். தவக்காலத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பிறவிக் குருடர், லாசர் நற்செய்திகளோடு அவருக்காகச் சிறப்பு மன்றாட்டு. பாஸ்கா இரவில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும். அத்தோடு விட்டுவிடாமல் பாஸ்கா காலம் முழுவதும் கூட நடக்க வேண்டும். ஒரு பங்கில் இப்படி ஒருவர் தயாரிப்பதை மற்றவர்கள் பார்த்தாலே அது எல்லோருக்கும் மறைக்கல்வி.

நமக்குப் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன் பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவர். வீட்டில் இழப்புமேல் இழப்பு வந்து மனம் உடைந்திருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்டுத் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்திருந்த டச்சுப் படை அதிகாரி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். பிரசங்கம் வைக்கவில்லை. அவருடைய துன்பத்துக்குப் பொருந்தும் ஒரு கதையைச் சொன்னார். நீலகண்டன் வடக்கன்குளத்தில் தங்கிக் கற்று, 1745-ல் தேவசகாயமாகத் திருமுழுக்குப் பெற்றார். அப்போது வயது முப்பத்திரண்டோ மூன்றோ. ஏழே ஆண்டில், 1752-ல், காற்றாடிமலையில் உயிரைக் கொடுத்தார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குருவும் துறவியும் இல்லாத ஒரு குடும்பத்தலைவர். ஒரு பொதுநிலையினர் சொல்லி இன்னொரு பொதுநிலையினர் கற்ற விசுவாசம் அது.

“சாமிக்கு மூணு கிளைப்பங்கு, பள்ளிக்கூடம், கட்டட வேலை. இதுக்கு நேரமில்லேங்காங்க. நாங்களே தொடங்கிரலாமா?”

பெரியவர், இளையோர், சிறுவர் எல்லோருக்கும் மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை (சட்டம் 776). அதைக் கற்கும் கடமையும் உரிமையும் நமக்கு உண்டு (229). நம் தேவையை மேய்ப்பர்களிடம் எடுத்துச் சொல்லவும் நமக்கு உரிமை உண்டு (212). ஆனால் சட்ட எண்ணோடு மேடைக்கு (சாமியார் வீட்டுக்கு) போகாதீர்கள். ‘சாமி, ஆறு பேர் சனிக்கிழமை கூடி மாற்கு வாசிக்கலாம்னு இருக்கோம். நீங்க மாசம் ஒருமுறை வந்தா போதும்’ என்று கேளுங்கள். நான் அறிந்தவரை, சுமை குறைகிறது என்று தெரிந்தால் வேண்டாம் என்கிற சாமியார் மிகக் குறைவு. அவருக்குத் தெரியாமல் மட்டும் நடத்தாதீர்கள். தனிக்குழுவாகப் பிரிந்துபோன கதைகள் அப்படித்தான் தொடங்கின.

நடத்த யாருக்குத் தகுதி என்று அடுத்துக் கேட்பார்கள். திருப்பலியில் மறையுரை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது. மறைக்கல்வி அப்படி இல்லை. நம் உபதேசியார்கள் குரு இல்லாத ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தவர்கள். வேதியர்களுக்கென்றே (உபதேசியார்களின் பழைய பெயர்) வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் நிலையான பொதுநிலையினர் பணியாகவே நிறுவினார். பயிற்சி வேண்டும், அதை உங்கள் மறைமாவட்ட மறைக்கல்விப் பணிக்குழுவில் கேளுங்கள்.

“கூட்டத்தில ஒருத்தர் சபை போதனைக்கு எதிராவே பேசுதார். நிறுத்தச் சொல்லணுமா?”

அவர் பேசுவது கேள்வியா, பிரச்சாரமா என்று பாருங்கள். கேள்வி என்றால் முழுக்கக் கேளுங்கள். ‘திருச்சபை இப்படிச் சொல்கிறது, காரணம் இது’ என்று நூலைத் திறந்து வாசியுங்கள். பதில் தெரியாவிட்டால் அடுத்த வாரம் சொல்கிறேன் என்று குறித்துக்கொண்டு, மறக்காமல் சொல்லுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே விஷயத்தைக் கொண்டுவந்து கூட்டத்தையே இழுத்துக்கொண்டு போகிறார் என்றால், தனியாக டீக்கடையில் உட்கார்ந்து பேச வேண்டும். நாலு பேர் முன்னால் திருத்தப்பட்டவர் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

“எங்க அன்பியம் தெருவாரியாப் பிரிச்சது. தெருன்னா சாதிதானே. வேற தெரு வீட்டில கூட்டம்னா பாதிப்பேர் வரல. இதையும் மறைக்கல்வியில பேசணுமா?”

பேசத்தான் வேண்டும். இதைப் பேசாமல் நற்கருணையைப் பற்றிப் பேச எனக்கு நா எழாது. ஒரே அப்பத்தைப் பகிர்கிறோம் என்று பாடிவிட்டு, ஒரு வீட்டுத் தண்ணீரைக் குடிக்கத் தயங்குகிறோம்.

மேலே சொன்ன வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், 1872-ல், இரண்டு சாதியாருக்கு இரண்டு பக்கமாகப் பிரித்து ஒரு கோவில் கட்டினார்கள். கால்சட்டைக் கோவில் என்று பெயர். நடுத்தடுப்பை 1910-ல்தான் கௌசானல் அடிகளார் இடித்தார். சாதி பாராமல் எல்லாரோடும் உண்டு பழகியது தேவசகாயத்தின் மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. அதனால்தான் புனிதர் பட்டத்தின்போது அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பின்னொட்டு நீக்கப்பட்டது. இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் சொன்னால் முகம் சுருங்கும், சிலர் எழுந்து போவார்கள். எங்களிடம் போனார்கள். நாங்கள் செய்தது ஒன்றுதான்: அன்பிய எல்லையைத் தெரு முனையில் வெட்டாமல், இரண்டு தெருவுக்கும் குறுக்காகப் போட்டுத்தரப் பங்குப்பேரவையில் கேட்டோம். முதல் தடவை மறுத்தார்கள். இரண்டாம் வருடம் ஒரு அன்பியத்துக்கு மட்டும் சம்மதித்தார்கள். அதில் பதினெட்டுக் குடும்பம். இப்போது பதினொரு குடும்பம் எல்லா வீட்டுக்கும் வருகிறது, சாப்பிடவும் செய்கிறது. ஏழு இன்னும் வரவில்லை.

“உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு நம்பிக்கையே போயிருச்சு. வீட்டுக்காகத்தான் கோவிலுக்கு வாரேன். நான் எல்லாம் இதுக்கு வரலாமா?”

இந்தக் கேள்வியை இதுவரை ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள். ஐந்து பேரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள்.

யோவான் இருபதாம் அதிகாரத்தில் தோமாவைப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவரைக் கண்டோம் என்று பத்துப் பேரும் சொல்கிறார்கள். நான் நம்பவே மாட்டேன் என்கிறார் அவர். எட்டு நாள் கழித்து அதே வீட்டில் கூடுகிறார்கள், தோமாவும் உள்ளே இருக்கிறார். அந்த எட்டு நாளும் அவரை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை, அவரும் போகவில்லை. ஆண்டவர் வந்தபோது அவர் அந்த அறையில் இருந்தது அதனால்தான்.

சனிக்கிழமை ஏழரை மணி. வாசல் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம். செபம் சொல்லும்போது வாய் திறக்காமல் இருக்கலாம். கேள்வியைச் சீட்டில் எழுதி டப்பாவில் போட்டுவிட்டு, பாதியில் எழுந்து போகவும் செய்யலாம்.